கழுவிவிட்டு வராத கால்

1

இந்தக் கதை எனக்கு ஓர் அறிவிப்பிலிருந்து கிடைத்தது. ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் எழுந்து போகத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் உபதேசியார் மைக் முன்னால் வந்தார். கோயிலில் பாதிரியாருக்கு அடுத்தபடியாக எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்பவர் அவர். "பெரிய வியாழன் அன்னிக்குப் பாதம் கழுவுற சடங்குக்குப் பேர் கொடுத்திருக்கிற பன்னெண்டு பேரும், தயவுசெஞ்சு வீட்டுலயே காலை நல்லாக் கழுவிட்டு வாங்க" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் தலையைக்கூட ஆட்டினேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. பாதிரியார் கழுவுவதற்காக நீட்டப்போகும் காலை எதற்குக் கழுவிவிட்டு வர வேண்டும்?

அன்றே எழுத உட்கார்ந்தேன். வேடிக்கைக் கதையாக வரும் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு இரண்டாம் பக்கம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: *பன்னிரண்டு நாற்காலிகளில் பதினொன்றில் ஆள் இருந்தது.*

சுமாரான வாக்கியம். இருக்கட்டும். அந்தப் பதினொரு பேரும் உபதேசியார் சொல்லைத் தட்டாதவர்கள். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் குதிகாலைக் கல்லால் தேய்த்து வந்திருந்தார். கணக்கு வாத்தியார் நகம் வெட்டியிருந்தார். மருந்துக்கடைக்காரர் பவுடரே போட்டிருந்தார். வருடாவருடம் இப்படித்தான். காலுக்குக் கீழே வைக்கும் பேசினில் ஊற்றும் தண்ணீர் எப்படி வருகிறதோ அப்படியே தெளிவாகத் திரும்பிப் போகும்.

பன்னிரண்டாவது ஆள் கட்டடக் காண்ட்ராக்டர். காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் போன் வந்தது. உபதேசியாருக்கு வியர்த்துவிட்டது. கோயிலை ஒரு சுற்றுப் பார்த்தார். வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில்...

இரண்டாவது முயற்சி: *கடைசி பெஞ்சில் ஒரு தேவதை தலைகுனிந்து*

[அடித்துவிட்டேன். தேவதையாம்!]

அவளைத் தகரம் என்று கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் தகரத்தைத் தட்டியது போலிருக்கும் குரல். ஆஸ்பத்திரி கேண்டீனில் தட்டு கழுவுகிறாள். நாள் முழுக்க ஈரச் சிமெண்டுத் தரையில் நிற்பதால் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருமுறை ஊதா மருந்தைத் தடவிவிட்டு எச்சரித்தாள்: "ஈரந்தான் உங்களுக்கு எதிரி. தண்ணி பட்டா உடனே துடைச்சுக் காய விடுங்க. இல்லன்னா இது ஆறவே ஆறாது."

"அப்ப தட்டை யாரு கழுவுவா? உங்க பெரிய டாக்டரா?" என்றாள் தகரம்.

3

ஓர் ஒப்புதல். என் முதல் படியில் இவள் இப்படி இல்லை. மெல்லிய குரலில் பேசினாள். படுக்கையில் விழுந்த அம்மாவை ஆண்டுக்கணக்காகத் தனியாளாகப் பார்த்துக்கொண்டாள். யார் ஏசினாலும் பொறுத்துக்கொண்டாள். படித்தால் உங்களுக்கு அவளைப் பிடித்துப் போயிருக்கும். எனக்கே பிடித்திருந்தது.

மறுநாள் காலையில் திரும்பப் படித்தபோதுதான் கண்டுகொண்டேன். உபதேசியாரைக் கேலி செய்யக் கிளம்பிய நான், அவளிடம் அதையேதான் சொல்லியிருக்கிறேன். வாசகர் முன்னால் வருவதானால் காலைக் கழுவிவிட்டு வா, அம்மா. அவளைப் பூசி மெழுகிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

ஆகவே கழுவாமல் சொல்கிறேன். அம்மாவைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டது உண்மை. ஒருநாள் மத்தியானம், அப்போதுதான் மாற்றிய விரிப்பை அம்மா மறுபடியும் நனைத்தபோது அவள் அம்மாவின் கன்னத்தில்*

[* இந்த இடத்தில் 'தட்டினாள்' என்று எழுதிப் பார்த்தேன். பிறகு 'தள்ளினாள்'. இரண்டும் பொய்.]

அறைந்தாள். ஓங்கி. அம்மா அழவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். வாசலில் பழப்பையோடு அக்கா நின்றிருந்தாள்.

அடுத்த மாதம் அம்மா போய்விட்டாள். அறையினால் அல்ல, வயதினால். ஆனால் அன்றிலிருந்து அக்கா தங்கையோடு பேசவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி வெஷம் போதும்." ஊரையே வாயால் விரட்டும் தகரம் இதற்கு மட்டும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை.

அவள் பாதிரியாரிடம் போய் அறைந்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். பாதிரியார் மன்னிப்பும் கொடுத்தார். "நீங்க மன்னிச்சிட்டீங்க ஃபாதர். கடவுளும் மன்னிச்சிருப்பாரு, அவரு பெரியவரு. அம்மா மன்னிச்சாளான்னு யாரு சொல்றது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். பூசையில் பாதிரியார் கொடுக்கும் அப்பத்தை, நன்மையை, வாங்க அதன்பிறகு அவள் முன்னால் போனதில்லை. எல்லாரும் வரிசையில் நிற்கும்போது வாசல் வழியே நழுவிவிடுவாள். கடைசி பெஞ்ச் அதற்குத்தான்.

4

இனிக் கதை, தடங்கலில்லாமல்.

"ஏம்மா, கொஞ்சம் முன்னால வா" என்றார் உபதேசியார், குனிந்து, காதோடு.

"எதுக்கு?"

"ஒரு நாற்காலி காலியா இருக்கு. சும்மா உக்காந்தாப் போதும்."

"வேற ஆளே கெடைக்கலியா உங்களுக்கு?"

அவள் மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் அது தகரம். நாலு பெஞ்ச் திரும்பிப் பார்த்தது. இன்னும் ஒரு வார்த்தை பேசினால் கோயில் முழுக்கத் திரும்பும் என்பதால் எழுந்து நடந்தாள். உபதேசியாருக்குத் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன நிம்மதி. அவர் அவளது காலைப் பார்க்கவில்லை.

உட்கார்ந்த பிறகுதான் அவள் அதைப் பார்த்தாள். பாதிரியாருக்கு வயதாகிவிட்டது, முட்டி வலி. அதனால் இந்தக் கோயிலில் ஒரு ஏற்பாடு உண்டு. அவர் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு அடுத்த காலுக்கு நகர்வார். பின்னாலேயே ஒரு பெண் மண்டியிட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டு வருவாள். பீடத்துணிகளையெல்லாம் துவைத்து மடிக்கும் பெண். பன்னிரண்டு வெள்ளைத் துண்டுகளோடு வந்துகொண்டிருந்தது அக்கா.

தகரத்துக்கு முள்ளின் மேல் உட்கார்ந்ததுபோல் ஆயிற்று. எழுந்து ஓடலாம். ஓடினால் அதையும் எல்லாரும் பார்ப்பார்கள். பதினோராவது காலைத் துடைத்து முடித்து அக்கா நிமிர்ந்தாள். கையில் கடைசித் துண்டு. நாற்காலியில் யார் என்று அப்போதுதான் கண்டாள்.

பாதிரியார் பேசினை நகர்த்தினார். தகரம் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் ஃபாதர். புண்ணு."

"தண்ணி பட்டா வலிக்குமாம்மா?"

"வலிக்காது. நாறும்." காலைப் பார்த்தபடி, "நான் கழுவிட்டு வரல, ஃபாதர். வேலையிலேர்ந்து நேரா வந்துட்டேன்" என்றாள்.

"நான் இத்தனை வருஷமா கழுவின காலைத்தாம்மா கழுவிக்கிட்டிருக்கேன்" என்றார் பாதிரியார். "இன்னிக்குத்தான் எனக்கு வேலை வந்திருக்கு. நீட்டு."

அவள் நீட்டவில்லை. பாதிரியாரின் தோளுக்கு மேலாக அக்காவைப் பார்த்தாள். "அம்மாவை அடிச்ச காலு... கை... நான்" என்றாள். வார்த்தைகள் குழம்பின. முன் வரிசை முழுக்கக் கேட்டது. வங்கி மேலாளர் தன் சுத்தமான காலைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

பாதிரியார் கையை நீட்டி அவளது குதிகாலைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, தண்ணீரை ஊற்றினார்.

5

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முடிவை உங்களிடம் கொடுப்பதாக இருக்கிறேன், ஆனால் இந்தத் தண்ணீரை அல்ல. தண்ணீர் விழுந்துவிட்டது. அதற்கு மாற்று முடிவு கிடையாது. நானோ நீங்களோ கைவைக்கக்கூடிய இடமல்ல அது. ஆண்டவர் தம் சீடர்கள் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவிய அந்த முதல் இரவில்கூட, தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவனின் காலை ஒதுக்கிவிட்டு மற்றவர்களுக்குக் கழுவியதாக எங்கும் இல்லை. கழுவிய காலோடுதான் அவன் எழுந்து இருட்டுக்குள் போனான்.

பேசினில் தண்ணீர் கலங்கியது. ஊதாவும் கறுப்புமாக. அந்தப் பேசின் அப்படி ஒரு நிறத்தைக் கண்டதில்லை. பாதிரியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஒதுங்கினார்.

மிச்சம் இருப்பது துண்டு.

முடிவு (அ): அக்கா மண்டியிடுகிறாள், இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், பாடகர் குழு சரியாக அந்த நேரத்தில்

[போதும். எனக்கே கூச்சமாக இருக்கிறது.]

முடிவு (ஆ): அக்கா துண்டை நாற்காலிக் கைப்பிடியில் போட்டுவிட்டுப் போகிறாள். இதை எழுதினால் நண்பர்கள் மெச்சுவார்கள். ஆனால் அக்காவையும் நான் கழுவாமல்தானே கொண்டுவர வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கி வந்து அரைமணி நேரத்தில் கிளம்பியவள் அவள். ஒருநாள்கூட அம்மாவின் விரிப்பை மாற்றியதில்லை. அம்மா படுத்திருந்த அறையை நினைக்கும்போதெல்லாம் தங்கை அறைந்த அறைதான் முதலில் அவளுக்கு நினைவுக்கு வருகிறது. அப்படி வருவது அவளுக்கு வசதியாகவும் இருக்கிறது. இது அவளுக்கும் தெரியும்.

ஆகவே (ஆ)-வும் இல்லை. (இ) என்று எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அக்கா நிற்கும் இடத்தில் நின்று பார்க்காமல் அதை எழுத முடியாது. அங்கே நின்று பார்த்தபோது என் நினைவுக்கு வந்தவர்கள் வேறு ஆட்கள். உங்களுக்கும் யாராவது வருவார்கள்.

துண்டை வாங்கிக்கொள்ளுங்கள். அவசரப்படாமல் யோசியுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் நர்ஸ் சொன்னது ஞாபகம் இருக்கிறதல்லவா? கால் ஈரமாக இருக்கிறது.