கொஞ்சம் தள்ளி வைக்கப்பட்ட இயந்திரம்

1.

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் தலைமேல் ஆணை. தலையில் முடி இல்லை என்பது வேறு விஷயம். சத்தியத்துக்குத் தலை போதும். பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலிக்காரர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது. அவர் வாய் பாதிதான் திறந்தது. மீதியை நான் திறந்துகொண்டேன்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: அதிகாலை மூடுபனி ஊரை மெல்லத் தழுவ—

வேண்டாம். அது மூடுபனி இல்லை, செங்கல் சூளைப் புகை. இரண்டாம் முயற்சி:

அவர் காற்று வாரியத்தில் எடைக்காரர். சூளைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட மொட்டைமாடியில் ஓர் இயந்திரம் நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சும். அதற்குள் இருக்கும் வட்டத் தாளைக் காலையில் எடுத்துத் தராசில் வைத்து, எவ்வளவு தூசி ஏறியிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். வெள்ளையாகப் போன தாள் கரித்துணியாகத் திரும்பும். மாடிக்குக் கீழே, இரண்டாம் வகுப்பில், அவர் மகள். புத்தகப்பையில் பென்சில் டப்பாவுக்குப் பக்கத்தில் ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர்.

அந்த வருடம் வாரியம் ஒரு விதியை வரைந்தது. அந்தத் தூசி எண் ஒரு நாள் நூறைத் தாண்டினாலே சூளைகளை ஒரு வாரம் அணைக்க வேண்டும். பழைய பஸ்கள் ஓடக் கூடாது.

"நிஜமாவா? ஒரு வாரம் ஜன்னலத் திறந்து வைக்கலாமா?" என்று கேட்டாள் மனைவி. வேறெதுவும் கேட்கவில்லை.

3.

கருத்துக் கேட்புக் கூட்டம். (இங்கே ஒரு சண்டையை எதிர்பார்ப்பீர்கள். எனக்கும் ஆசைதான். சத்தியம் செய்து தொலைத்துவிட்டேனே.) விதியை யாருமே எதிர்க்கவில்லை.

"அருமையான விதி சார்," என்றார் சூளைச் சங்கச் செயலாளர். "எங்க வீட்லயும் பிள்ளைங்க இருக்கு. ஒண்ணே ஒண்ணு, மெஷினக் கொஞ்சம் தள்ளி வைங்க. சூளை பக்கத்துல வச்சா சூளைப் புகையத்தானே காட்டும்?"

"வேற எதக் காட்டணும்?" என்றார் எடைக்காரர்.

"காத்தக் காட்டணும் தம்பி."

பஸ் சங்கத்துக்காரர் எழுந்தார். "அதுக்காக ரோட்டோரம் கொண்டாந்துடாதீங்க. பஸ் போற எடத்துல வச்சிட்டு, பஸ் போகுதுன்னு பழி போட்டா எப்படி?"

பொதுமக்கள் பிரதிநிதியின் நாற்காலியில் சூளைச் செயலாளரின் மச்சான் உட்கார்ந்திருந்தார். "பொதுமக்களும் அதயேதான் சொல்றாங்க. மாமா பேச்சுக்கு மறுபேச்சு இல்ல."

கடைசியாக, வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டி விற்பவர். "விதி கட்டாயம் வரணுங்க, பேப்பர்ல பெரிசா வரணும். சூளைய அணைக்கிறதுலதான் அவசரம் வேணாம். புகையும் இருக்கணும், பயமும் இருக்கணும். அப்பதான் விழிப்புணர்வு வரும்."

(இந்தப் பாத்திரத்தில் எனக்கே சந்தேகம். இப்படியா ஒருவர் பட்டவர்த்தனமாகப் பேசுவார்? வெட்டிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அவர் என் வீட்டுக்கு ஒரு பெட்டி அனுப்பிவைத்தார். நல்ல பெட்டி. பாத்திரம் இருந்துவிட்டுப் போகட்டும்.)

4.

சூளையிலிருந்து தள்ளினால் சாலை வந்தது. சாலையிலிருந்து தள்ளினால் அரிசி ஆலை வந்தது; ஆலைக்காரருக்கும் ஒரு சங்கம் இருந்தது. தள்ளித் தள்ளி, எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே இடத்துக்கு இயந்திரம் போய்ச் சேர்ந்தது: வாரியத் தலைவரின் ஏசி அறை. இரட்டைக் கண்ணாடி ஜன்னல், அன்பளிப்பாக வந்த மூன்று பெட்டிகள்.

விதி ஒருமனதாக நிறைவேறியது. நூறு போதாது, ஐம்பதாகக் குறைக்க வேண்டும் என்று சூளைச் செயலாளரே முன்மொழிந்தார். மறுநாள் எண் நான்கு. தலைவர் ஒருமுறை சட்டையை உதறியபோது ஏழுக்கு ஏறியது; அதன்பின் அவர் உதறுவதில்லை.

5.

ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து போன். ஓடினார். மகள் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து, படியேறிய கிழவியைப் போல இழுத்துக்கொண்டிருந்தாள். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்பா, இன்னிக்கி உன் மெஷின் எவ்ளோ சொல்லுச்சு?"

"நாலும்மா."

இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்ப நான்தான் சரியா இழுக்கலயா?"

(இந்த இடத்தில் ஒரு கேலி எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.)

அன்று ஒரு புதுத் தாளை வீட்டுக்கு எடுத்துப் போனார். பழைய உதிரிப் பம்பு ஒன்றில் மாட்டி, மகளின் ஜன்னலில் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டார். தாள் கன்னங்கரேலென்று வந்தது.

6.

இப்போது தராசின் முன் நிற்கிறார். ஒரு கையில் தலைவர் அறைத் தாள், மறு கையில் ஜன்னல் தாள். எது ஏறுகிறதோ அதுதான் இந்தப் பகுதியின் காற்று.

முடிவு அ: வெள்ளைத் தாள். சம்பளமும் தொடரும், இன்ஹேலரும் தொடரும்.

முடிவு ஆ: கறுப்புத் தாள். அவர்களே இறுக்கிய விதி அவர்கள் கழுத்தைப் பிடிக்கும். ஏழு நாள் சூளை அணையும், ஜன்னல் திறக்கும். எட்டாம் நாள் அவர்மேல் மோசடி வழக்கு: தலைவர் அறைக் காற்றைத் தவறாகக் காட்டிய குற்றம்.

முடிவு இ: இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு அவர் நேராக—

(இது கொஞ்சம் நீளமான முடிவு. இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.)

எந்தத் தாளை வைப்பதென்று நீங்களே சொல்லுங்கள். சொல்லும்முன் உங்கள் வீட்டு ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதை, செங்கல் சூளை உரிமையாளர் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்காக அவர்களே கேட்டு வாங்கியது.