தெரிவித்தவர் என்ற கட்டம்

மார்ச் 14, வியாழன்

தவறு: படிவத்தின் ஒரு கட்டத்தில் பெயரை மாற்றாமல் விட்டது. மாலை எழுத்து வகுப்பு ஆசிரியர் நாட்குறிப்பில் அன்றன்றைய தவறை முதலில் எழுதச் சொல்லியிருக்கிறார். சின்னத் தவறு என்று எழுதி, 'சின்ன' என்பதை அடித்துவிட்டேன்.

சலவை இயந்திரம் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் தொலைபேசிப் பிரிவு எங்களுடையது. வீடுகளுக்குப் போன மெக்கானிக்குகள் கோளாறு புரியாமல் விழித்துக்கொண்டு நின்றால் எங்களை அழைப்பார்கள். எங்களை என்றால், என் பக்கத்து நாற்காலி அக்காவை. போனை மெஷின் பக்கம் வைக்கச் சொல்லி, சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். எல்லோருக்கும் அவர் டாக்டரக்கா.

நான்கு மாதங்களுக்கு முன் கணினியில் ஒரு மென்பொருள் வந்தது. அவரவருக்குத் தெரிந்ததை அதில் எழுதிவைக்க வேண்டும். அதற்கு மேலிடம் வைத்த பெயர் நீளம். நாங்கள் உண்டியல் என்போம்.

"எனக்கு வாய்தான் வரும், டைப் வராது. ரைட்டரே, நான் சொல்றதை நீயே போட்டுடு" என்றார் அக்கா.

சாப்பாட்டு இடைவேளையில் அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதி, பிறகு ஏற்றினேன். 'தண்ணீர் வெளியேறும்போது மட்டும் கடகடத்தால் பம்பில் சட்டைப் பொத்தான் சிக்கியிருக்கும். மோட்டாரைக் கழற்றாதே, கீழே வடிகட்டியைத் திற.' இப்படி அறுபத்து மூன்று.

படிவத்தின் கடைசியில் 'தெரிவித்தவர்' என்று ஒரு கட்டம். அதில் என் பெயர் தானாக வந்து நிற்கும். மாற்ற முடியும். ஒருமுறைகூட நான் அதைப் பார்க்கவில்லை.

இன்று காலை கடிதம் வந்தது. பத்துக் குறிப்புகளுக்குக் குறைவாக எழுதியவர்களை மாதக் கடைசியோடு நிறுத்துகிறார்கள். அக்காவின் பெயருக்கு எதிரே பூஜ்யம்.

அக்கா மேலாளர் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. "பதினோரு வருஷமா போன்ல கத்திட்டிருக்கேன், உங்க காதுல விழலையா சார்?"

"விழுதும்மா. சிஸ்டத்துல இல்லையே. நீங்க ஒத்துழைக்கலைன்னுதான மேல நினைப்பாங்க?"

அப்போதுதான் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்த்தேன். சொல்ல எழுந்தேன். அறுபத்து மூன்று போனால் என் பெயரில் மிஞ்சுவது நான்கு. உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா திரும்பி வந்தார். "ஏண்டா, நான் சொன்னதெல்லாம் போட்டியா இல்லையா?"

"போட்டேன்க்கா."

"அப்புறம் எப்படிடா பூஜ்யம்?"

"சிஸ்டம் தப்பா காட்டுது போல."

"பாவம், அதுக்கும் வயசாயிடுச்சு" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. போன் அடித்தது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "மெஷின் பக்கத்துல வைப்பா" என்று கண்ணை மூடினார். வழக்கமாக ஒரு மூச்சு விடுவதற்குள் சொல்லிவிடுவார். இன்று நெடுநேரம் கேட்டார்.

"ரைட்டரே, தண்ணி போறப்போ கடகடங்குதாம். உண்டியல்ல பாத்துச் சொல்லேன். எனக்கு இன்னிக்கு ஒண்ணும் பிடிபடலை."

தேடினேன். அவருடைய வார்த்தைகளே வந்தன, கீழே என் பெயரோடு. திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பிக்கொண்டு வாசித்தேன்.

"சரியாத்தான்டா எழுதியிருக்க" என்றார்.

அதற்குப் பிறகு மாலைவரை அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. வகுப்பு முடிந்து, காலி பெஞ்சில் இதை எழுதுகிறேன். நான் தைரியசாலி இல்லை, எழுதிவைத்தால் செய்வேன்.

நாளை: எட்டு மணிக்கே போக வேண்டும். முதலில் அக்காவிடம் சொல்ல வேண்டும். பிறகு மேலாளரின் எதிரிலேயே அறுபத்து மூன்று குறிப்புகளிலும் பெயரை மாற்ற வேண்டும்.