பதினாறாவது ஆள்

நல்லரத்தினம் தராசுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து முள்ளைப் பார்த்தார். "அறுபத்தெட்டு," என்றார். மேசையிலிருந்த கைறுன்னிஸா எழுதிக்கொண்டாள். தொண்டு நிறுவனத்தில் வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெண் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறியிருந்தாள். அவர் சப்பாத்தைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார். முள் அறுபத்தொன்பதுக்கு நகர்ந்தது.

பத்தொன்பது பேர் இருக்கக்கூடிய சின்னப் பிளேன். பைகளையும் நிறுக்க வேண்டும், ஆட்களையும் நிறுக்க வேண்டும். சுனாமி அடித்து ஒரு வருடம் முடிந்திருந்தது. வந்துபோகும் தொண்டு நிறுவனக்காரர்களை நம்பி, கொழும்புக் கம்பனி ஒன்று மட்டக்களப்புக்கும் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள இரத்மலானைக்கும் இடையில் கிழமைக்கு மூன்று நாள் பிளேன் விட்டது. ஓடுபாதை விமானப்படை முகாமுக்குள் இருந்தது. வேலையாட்கள் காலையில் வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் பாஸ் வாங்கி உள்ளே போவார்கள். பின்னேரம் பாஸைக் கொடுத்து அட்டையை வாங்குவார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. பயணிகள் பதின்மூன்று பேர், பைலட்மார் இரண்டு பேர். எல்லோரும் ஏறிய பிறகு சாமான் தூக்கும் இளையதம்பி நான்கு வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தான். ஐஸ் போட்ட வாவி இறால். கம்பனி மனேஜர் கொழும்புக்கு எடுப்பிக்கிற சாமான். அது தராசில் ஏறுவதில்லை, கைறுன்னிஸா எழுதும் கொப்பியிலும் ஏறுவதில்லை. அந்தப் பக்கம் இறக்கிக் கொடுப்பதற்காக வெள்ளிக்கிழமைகளில் இளையதம்பியும் கூடப் போவான். கடைசி இருக்கையில் இருந்து போய், திரும்பி வரும் பிளேனில் வருவான். அவனுக்கு டிக்கட் இல்லை. பயணிகள் பட்டியலில் பெயரும் இல்லை.

"மழை கறுக்குது. இண்டைக்குப் பெட்டிய மட்டும் அனுப்பன்," என்றார் நல்லரத்தினம்.

"அங்கால இறக்க ஆளில்லையாம் அண்ணன். ரெண்டு மணிக்கு வந்திருவன்."

படியில் ஏறுமுன் செருப்பைத் தட்டி ஈர மண்ணை உதிர்த்துவிட்டு ஏறினான். பத்து இருபதுக்குப் பிளேன் கிளம்பி, வாவிக்கு மேலே வளைந்து மேகத்துக்குள் போனது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. கைறுன்னிஸா கேட்டுக்கொண்டே எழுந்து நின்றாள். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "பிளேன் திரும்பி இங்க வந்ததாண்டு கேக்காங்க," என்றாள்.

"இல்லையே."

"அங்க எறங்கல்லயாம்."

இருவரும் வெளியே வந்து பார்த்தார்கள். ஓடுபாதையில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. ஒரு நாய் குறுக்கே நடந்து போனது. நல்லரத்தினம் உள்ளே வந்து, அடுத்த பயணத்துக்கென்று யாரோ நேரத்தோடு கொண்டுவந்து வைத்திருந்த பையைத் தராசில் வைத்து நிறுத்தார். பதினாலு கிலோ. நிறுத்த பிறகுதான் எதற்கு நிறுத்தோம் என்று யோசித்தார்.

மூன்று மணிக்குக் கொழும்பிலிருந்து பெயர்களை வாசிக்கச் சொன்னார்கள். கைறுன்னிஸா பதினைந்து பெயர்களையும் எழுத்தெழுத்தாக வாசித்தாள். "இன்னொராள் இரிக்காரு சேர்," என்று தொடங்கினாள். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். அவள் ரிசீவரை வைத்துவிட்டு, "லிஸ்ட்ல இரிக்கிறத மட்டும் வாசிக்கட்டாம்," என்றாள்.

பின்னேரம் முகாம் வாசலில் சனம் கூடியிருந்தது. குடைகளுக்குக் கீழே நின்றவர்கள், வெளியே வரும் ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டார்கள். நல்லரத்தினம் பாஸைக் கொடுத்துவிட்டு நின்றார். கோப்ரல் அவருடைய அட்டையைத் தந்துவிட்டு, இன்னோர் அட்டையைத் தூக்கிக் காட்டினான். "இந்த ஆள் இன்னும் உள்ள?"

"வயித்துக்குத்தெண்டு மத்தியானமே போயிட்டான் சேர். அவசரத்தில அட்டைய விட்டுட்டான். பாஸ நாளைக்குக் கொண்டருவன்."

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வாசலில் ஒரு கிழவர் மயங்கி விழுந்தார். கோப்ரல் அந்தப் பக்கம் ஓடும்போது அட்டையை நல்லரத்தினத்தின் கையில் வைத்துவிட்டுப் போனான்.

இளையதம்பியின் குடும்பம் நாவலடி ஆட்கள். சுனாமிக்குப் பிறகு திராய்மடுவில் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். நல்லரத்தினம் சைக்கிளைச் சாத்திவிட்டுக் குனிந்து உள்ளே போனபோது, அவன் மனைவி புஸ்பம் மகள் கஜானிக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை சீப்பைத் தலைமுடியிலிருந்து எடுக்கவில்லை.

"எங்க விழுந்ததாம்?"

"விழுந்ததெண்டு சொல்லல்ல. காணல்லயெண்டுதான் சொல்றாங்க."

"கடலுக்கையா அண்ணன்?"

"தெரியாது புள்ள."

அவர் நீட்டிய அட்டையை வாங்கிச் சேலையில் துடைத்தாள். மூத்தவள் தக்ஷாயினியைப் போன வருடம் கடல் கொண்டுபோனது. இளையதம்பி பதினொரு நாள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் திரிந்து வெறுங்கையோடு வந்தான். மூன்றாம் மாதம் கிராம சேவகர் கொட்டிலுக்கே வந்து பெயர் கேட்டு எழுதி, மரணச் சான்றிதழுக்கு வழி செய்தார். புஸ்பம் இப்போது கஜானியின் பின்னலை முடித்து ரப்பர் போட்டாள். "கிராம சேவகர் வருவாரா?" என்று கேட்டாள்.

கடலில் நான்கு நாள் தேடினார்கள். உன்னிச்சைப் பக்கம் வயல் வட்டையில் நின்ற கமக்காரர் ஒருவர் மேகத்துக்குள் சத்தம் கேட்டதாகச் சொன்னார். காட்டிலும் இரண்டு நாள் தேடினார்கள். ஒரு தகரத்துண்டுகூடக் கிடைக்கவில்லை. ரேடியோவில் ஒவ்வொரு நாளும் பதினைந்து பேர் என்றார்கள். புஸ்பம் பக்கத்துக் கொட்டில் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவாள்.

எட்டாம் நாள் மனேஜர் வந்தார். கொழும்புத் தமிழர், மரியாதையாகப் பேசுகிறவர். நல்லரத்தினத்துக்குக் கதிரை காட்டிவிட்டு ஒரு தாளை முன்னால் வைத்தார். ஆங்கிலத்தில் இருந்தது. கைறுன்னிஸா வாசித்துச் சொன்னாள். "பதினஞ்சு பேரும் அவங்கட பைகளும்தான் ஏத்தினது. வேற ஆளும் இல்ல, வேற சாமானும் இல்ல. எல்லாத்தையும் நான்தான் நிறுத்து ஏத்தினன். நீங்க சொல்ற மாதிரி இதான் எழுதியிரிக்கு."

"இளையதம்பி?"

மனேஜர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, யோசிச்சுப் பாருங்க. டிக்கட் இல்ல, லிஸ்ட்ல பேர் இல்ல, தமிழ் ஆள். அவன் பிளேன்ல இருந்தான்னு சொன்னா முதல்ல என்ன கேப்பாங்க? குண்டு கொண்டுபோனானான்னுதான் கேப்பாங்க. பெட்டி தூக்கினது அவன். ஏத்தினது நீங்க. அவன்ட பொம்பளையையும் பிள்ளையையும் விசாரணைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. இறந்தவனுக்கு அந்தப் பேர் வேணுமா?"

"பெட்டி உங்கட பெட்டிதானே சேர்," என்றாள் கைறுன்னிஸா.

"எந்தப் பெட்டி?"

கூரையில் மழை விழுந்தது. நல்லரத்தினம் பேனையை எடுத்தார். கஜானியின் பின்னலும் ரப்பரும் கண்ணுக்கு முன்னால் நின்றன. பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்து வைத்தார். கைறுன்னிஸா தன்னிடம் நீட்டிய தாளைத் தொடவில்லை. மனேஜர் வற்புறுத்தவும் இல்லை. ஒரு கையெழுத்துப் போதும் என்றார்.

அடுத்த நாள் கைறுன்னிஸா புஸ்பத்தைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனாள். இளையதம்பி பிளேனில் போனவர் என்று கைறுன்னிஸா சொன்னதும், முறைப்பாடு எழுதிக்கொண்டிருந்த பொலிஸ்காரர் பேப்பரில் வந்த பதினைந்து பெயர்களையும் விரலால் தடவிப் பார்த்தார். இல்லை என்றார். யோசித்துவிட்டு, காணாமற்போனவர் என்று எழுதினார். கடைசியாகக் கண்ட இடம் என்ற கோட்டில் 'வீடு' என்று போட்டார். அதற்கு மேல் பேசினால் நல்லரத்தினத்தின் கையெழுத்தும் வெளியே வரும். கைறுன்னிஸா புஸ்பத்தைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அந்த மாத முடிவில் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கம்பனி சேவையை மூடியபோது நல்லரத்தினத்துக்கும் வேலை போனது.

புஸ்பத்திடம் போய்ச் சொன்னார், தான் கையெழுத்து வைத்ததை.

"நீங்க சொல்லியிருந்தா குண்டுகாரன் எண்டிருப்பாங்க," என்றாள். "சொல்லாட்டி அவர் ஒருத்தருமில்ல." பிறகு அவருக்குத் தேத்தண்ணி ஊற்றக் கேத்திலை எடுத்தாள்.

சண்டை திரும்பவும் தொடங்கி, மூன்று வருடத்தில் முடிந்தது. முடிந்து இரண்டு மாதத்தில் படையினர் திராய்மடுவில் வீடு வீடாகப் பதிந்து, ஒவ்வொரு குடும்பத்தையும் வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். இப்போது அங்கே கல்வீடுகள். விமானப்படை முகாமில் பழகிய சிங்களம் இருந்ததால் நல்லரத்தினத்தை மொழி மாற்றிச் சொல்லக் கூட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

புஸ்பத்தின் வீட்டில் சிப்பாய் பழைய பதிவைப் பார்த்தான். குடும்பத் தலைவர் எங்கே என்று கேட்டான். இயக்கத்துக்கா போனான்?

நல்லரத்தினம் தமிழில் கேட்டார். புஸ்பம் அவரையே பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க அண்ணன்."

"கொழும்புக்குப் போனவன். திரும்பி வரல்ல," என்று அவர் சிங்களத்தில் சொன்னார். சிப்பாய் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் படிவத்தில் இரண்டு வரி எழுதினான். என்ன எழுதினான் என்று நல்லரத்தினத்துக்குத் தெரியவில்லை; சிங்களம் பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது.

பிறகு படம். இலக்கம் எழுதிய பலகையைப் புஸ்பத்தின் கையில் கொடுத்தார்கள். தாயும் மகளும் சுவரோரம் போய் நின்றார்கள். கஜானி பதினான்கு வயதுக்கு உயர்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கக்கூடிய இடம் இருந்தது. கமெராக்காரன் கமெராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, கையால் சைகை காட்டி ஏதோ சொன்னான். அவர்கள் விளங்காமல் நின்றார்கள். அவன் நல்லரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"இடைவெளி விடாம," என்றார் நல்லரத்தினம், "கிட்டக் கிட்ட நிக்கட்டாம்."