வேலியில் கீறிய தேதிகள்

கள்ளியைப் படமெடுக்கக் காலை ஏழு மணியைத் தாண்டவிடக் கூடாது. சாய்ந்த வெயில் மடலை உரசிக்கொண்டு போகும்போதுதான் அதில் ஊரார் கீறிவைத்த எழுத்துகள் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே பச்சை. சப்பாத்திக்கள்ளியில் முள்ளால் கீறினால் அந்தக் காயம் தக்கைபோல் இறுகி, மடல் உள்ளவரை அழியாது.

தேவதானம் கண்மாய்க்கும் சோலார் கம்பெனி வாங்கிய நிலத்துக்கும் அந்தக் கள்ளிவேலிதான் எல்லை. வியாழக்கிழமை அதைப் பிடுங்கப்போகிறார்கள். பிறகு வரும் கம்பிவேலி கண்மாய்க்குள் எத்தனை அடி நகருமோ. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் புகைப்படக் கண்காட்சியில் வேலியை ஊரறியக் காட்டிவிடத்தான் கமலினி கேமராவோடு இரண்டு மாதமாக வந்துகொண்டிருந்தாள்.

அன்று ஒரு மடலில் நான்கு தேதிகள் இருந்தன. மூன்று அடிக்கப்பட்டிருந்தன, நான்காவதைச் சுற்றி வட்டம். எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். பக்கத்து வயல்காரர் பாண்டிச்செல்வம், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கேமராத் திரையைப் பார்த்துவிட்டு அந்த வட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

பிறகு சொன்னார். இந்தத் தேதிகளைக் கீறிய காலத்தில் அவர் ராஜஸ்தான் எல்லையில் இருந்தார். அப்போது ஊரில் சிக்னல் கிடைத்தது இந்த வேலியோரம் மட்டும்தான். அவர் போனில் லீவு தேதி சொன்னதும் மனைவி மாரிக்கனி அதைக் கீறிவைப்பாள். லீவு ரத்தானால் அடித்துவிடுவாள், அவர் வந்து சேர்ந்த தேதிக்கு வட்டம் போடுவாள். அவள் இறந்து மூன்று வருஷம். அவள் கைப்பட எழுதியது வேறெதுவும் மிஞ்சவில்லை.

"இத மட்டும் மாட்டாதிய தங்கச்சி. இது எனக்குன்னு எழுதுனது."

கமலினிக்கு மனசே இல்லை. ஆனாலும் அவர் கண்முன்னேயே படத்தை அழித்தாள். வியாழக்கிழமை ஜேசிபி வந்துவிடுமே என்று மட்டும் கேட்டாள். அவர் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு மடலைத் திருகி எடுத்தார்.

கண்காட்சி முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனாள். கட்டிலுக்கடியில் மடல் சுருங்கிக் கிடந்தது. அவள் முகம் வாடுவதைப் பார்த்து அவர் சிரித்தார். வெட்டுவாய் நன்றாகக் காய்ந்த பிறகுதான் நட வேண்டும், ஈரத்தோடு நட்டால் அழுகிவிடும் என்றார்.

"பட்டினி கிடக்கும், ஆனா சாகாது. அவள மாதிரியே வீம்பு."

இரண்டு மாதம் கழித்து அவரே போனில் கூப்பிட, மறுநாள் விடியலில் கமலினி போய்ச் சேர்ந்தாள். கள்ளிவேலி போய், கம்பிவேலி இன்னும் வராத வெறும் மண்ணில், சர்வே கல்லை ஒட்டி, மடல் நிமிர்ந்து நின்றது. உச்சியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குருத்து. தேதிகள் ரோட்டைப் பார்த்திருந்தன.

"இப்ப எடுங்க."

"எல்லாரும் படிப்பாங்களே அண்ணே?"

"படிக்கட்டும். அவ போன்ல நின்னு பேசுனது வேலிக்கு இந்தப் பக்கம், கண்மாய் மண்ணுல. எல்லை எதுன்னு அவளே சொல்லட்டும்."

மணி ஆறே முக்கால். வெயில் மடல்மேல் சாயும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.