‘சும்மா’ என்றொரு ஃபோல்டர்

யார் பேசினாலும் பாதியில் வெட்டுகிற பழக்கம் பர்வேஸுக்கு உண்டு. கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. பதினெட்டு வருஷம் கத்தாரில் லாரி ஓட்டியவன். கையில் ஸ்டியரிங்கும் காதில் சூப்பர்வைசரின் கத்தலுமாகவே இருந்துவிட்டதால், "சுருக்கமாச் சொல்லு" என்பதுதான் அவன் வாயில் முதலில் வரும். பெண்டாட்டி ஜுமானாவிடமும் அப்படித்தான், மகள் மர்வாவிடமும் அப்படித்தான். அந்தப் பாழாய்ப்போன பழக்கம் அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஜுமானா மவுத்தாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. திருப்பாலைக்குடி வீட்டில், காலையில் டீ போட எழுந்தவள் அடுப்படியிலேயே சரிந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நாற்பது வயதுகூட முடியவில்லை. பர்வேஸ் தோஹாவில் முதலாளி காலில் விழாத குறையாகக் கெஞ்சி, டிக்கெட் வாங்கி, திருச்சியில் இறங்கி, கார் பிடித்து ஊர் வந்து சேர்ந்தபோது மறுநாள் லுஹர் தொழுகை நேரம் தாண்டிவிட்டது. மய்யித்தை அதுவரை வைத்திருப்பார்களா? முந்தின நாள் சாயங்காலம் அசர் தொழுகைக்கே அடக்கிவிட்டார்கள். மையவாடியில் ஈர மண்ணைத்தான் அவனால் பார்க்க முடிந்தது.

அதற்குப் பிறகு அவனுக்கு இருந்தது ஒரே ஆசை. அவள் குரலை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். போனில் தேடாத இடமில்லை. வருஷக்கணக்காகத் தினமும் பேசியிருக்கிறார்கள். பேசின பேச்சு எங்கே தங்கும்? அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜையெல்லாம், மெமரி நிறைந்துவிட்டது என்று அவனே அவ்வப்போது அழித்திருந்தான். போட்டோ நூறு இருந்தது. குரல் ஒன்றுகூட இல்லை. கடைசியாக அவளிடமிருந்து எழுத்தில் வந்திருந்தது, "கேஸ் புக் பண்ணியாச்சு" என்பதுதான்.

கத்தார் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு தங்கினான். அவள் கை பட்ட சாமான்களில் அவனுக்கு உசிராக இருந்தது அவளுடைய லேப்டாப். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு அவனே தோஹாவில் வாங்கி, கைலிக்குள் சுற்றி, பெட்டியில் பத்திரமாகக் கொண்டுவந்தது. கீபோர்டில் ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்துக்கும் பக்கத்தில் அரபி எழுத்தும் இருக்கும். "சின்ன வயசுல ஓதப்போனதுக்கு இப்பத்தான் மச்சான் பலன்" என்று அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அந்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு தெருவுக்கே பாஸ்போர்ட் விண்ணப்பமும் மீனவர் நிவாரண விண்ணப்பமும் நிரப்பிக் கொடுத்தாள். அவள் விரல் பட்டுப் பட்டு ‘ஏ’ எழுத்தும் பக்கத்திலிருந்த அரபி எழுத்தும் சுத்தமாக அழிந்து போயிருந்தன.

லேப்டாப்பும் கிழடாகிவிட்டது. ஆன் செய்துவிட்டு, ஒளு எடுத்துத் தொழுதுவிட்டு வந்து பார்த்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். பேட்டரி செத்து, சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். இந்த நேரத்தில்தான் மர்வாவுக்கு மதுரையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க இடம் கிடைத்தது. ஹாஸ்டலிலும் சேர்ந்துவிட்டாள். லேப்டாப் இல்லாமல் முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். பழசைச் சரிசெய்து கொடுப்பதா, புதுசு வாங்குவதா?

"புதுசு வாங்கிருவோம் வாப்பா" என்றாள் மர்வா. "உம்மா லேப்டாப்பு அப்படியே இருக்கட்டும். அதைத் தொட வேணாம்."

"அப்படியேன்னா? அலமாரியில தூங்கவா? உங்கும்மா தொட்ட சாமான் மூலையில கெடந்து தூசி அடையுறதை நான் பாத்துக்கிட்டு இருக்கவா?"

"அதுக்கில்ல வாப்பா. அதுல உம்மா…"

"எனக்குத் தெரியும்மா. உம்மா நெனப்பு உனக்கு மட்டுமா? அவ கை பட்டதுலதான் நீ படிக்கணும். கெட்டுப்போனதை மாத்தினா பத்து வருஷம் ஓடும். பேச்சை விடு."

மர்வா விட்டுவிட்டாள். உம்மா என்ற சொல்லை எடுத்தாலே அந்தப் பிள்ளைக்கு அழுகை வந்துவிடும். இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அட மனுஷா, அரை நிமிஷம் வாயை மூடிக்கொண்டு கேட்டிருந்தால் என்ன குறைந்திருப்பாய்?

மறுநாள் மர்வா ஹாஸ்டலுக்குக் கிளம்பிப் போனதுமே பர்வேஸ் லேப்டாப்பைத் துணிப்பையில் வைத்து மடியில் அணைத்தபடி ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினான். பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் காளிதாஸின் சர்வீஸ் கடை. காளிதாஸ் மூடியைத் திறந்து, ஆன் செய்து, காதை வைத்துக் கேட்டான்.

"பாய், மனசுல பட்டதைச் சொல்லிர்றேன். இதுக்குச் செலவழிக்கிறதுக்குப் புதுசே வாங்கிரலாம். ஹார்டு டிஸ்க்கு டொக்கு டொக்குங்குது. ரொம்ப நாள் தாங்காது."

"மாத்த முடியுமா, முடியாதா? அதைச் சொல்லுங்க."

"முடியும் பாய். அந்த டிஸ்க்குக்குப் பதிலா எஸ்எஸ்டி போட்டு, ரேமைக் கூட்டி, பேட்டரி மாத்திட்டா பறக்கும்."

"அப்பப் போடுங்க. இது என் வீட்டம்மா சாமான். குப்பைக்குப் போகக் கூடாது."

சொல்லும்போது குரல் உடைந்தது. காளிதாஸ் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. பழைய டிஸ்க்கில் இருப்பதை எடுத்துப் புதுசில் போட்டு, இரண்டு நாளில் தருகிறேன் என்றான்.

அடுத்த நாள் காலை பர்வேஸ் தாலுகா ஆபீஸில் நின்றிருந்தான். ஜுமானா பேரில் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, முன்னால் ஒரே ஒரு ஆள் நிற்கிறபோது போன் அடித்தது.

"பாய், காளிதாஸ் பேசுறேன். டிஸ்க்கு உசிரை விடப் போகுது பாய். எடுக்கிறதைச் சீக்கிரம் எடுத்தாகணும். டெஸ்க்டாப்புல ரெண்டு ஃபோல்டர் இருக்கு. ஒண்ணு ‘முக்கியம்’, இன்னொண்ணு ‘சும்மா’. ‘சும்மா’ ரொம்பப் பெருசு. ரெண்டையும் எடுக்குற வரைக்கும் தாங்குமான்னு தெரியலை. எதை மொதல்ல எடுக்க?"

"இதைக் கேக்கவா போன் போட்டீங்க? முக்கியத்தை எடுங்க."

"இல்ல பாய், அந்த ‘சும்மா’வுல என்னான்னா…"

"சும்மான்னா சும்மாதானே காளிதாஸு? விட்டுத் தள்ளுங்க. இங்கன என்னைக் கூப்புடுறாக."

வைத்துவிட்டான். உள்ளே போய், இறந்தவர் பெயர் என்று இருந்த இடத்தில் ஜுமானா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். முக்கியமான வேலை முடிந்தது என்று வெளியே வந்து ஒரு டீயும் குடித்தான்.

சனிக்கிழமை மர்வா ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். பர்வேஸ் லேப்டாப்பை அவள் முன்னால் வைத்து, புது மாப்பிள்ளையைக் கூட்டிவந்தவன் மாதிரி நின்றான். பொத்தானை அமுக்கியதும் பத்தே விநாடியில் திரை வந்துவிட்டது. "பாத்தியா? புதுசு வாங்கணும்னியே!" என்று சிரித்தான். ஜுமானா போன பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

மர்வா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஃபோல்டர்தான் இருந்தது. அங்கே இங்கே அமுக்கித் தேடினாள். அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"வாப்பா, சும்மா எங்க?"

"என்னது?"

"‘சும்மா’ன்னு ஒரு ஃபோல்டர் இருக்குமே, எங்க வாப்பா?"

"அதுவா? அந்தத் தம்பி கேட்டாரு. டிஸ்க்கு சாகப் போகுதுன்னாரு. முக்கியத்தை எடுத்துட்டு அதை விடச் சொன்னேன். ஏம்மா?"

மர்வா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவள் அழுத அழுகையைக் கேட்டுப் பக்கத்து வீட்டு மெஹருன்னிசா மாமி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "என்ன புள்ள, என்ன?" என்று கூப்பிட்டார்.

"உம்மா பேசி வச்சிருந்தாங்க வாப்பா" என்றாள் கடைசியில். "ஒங்களுக்கு. வாய்ஸ் அனுப்பாதே, மெமரி ஃபுல்லாகுதுன்னு ஒரு தடவை வைஞ்சீங்கள்ல? அன்னையிலருந்து அசர் தொழுதுட்டு இங்கன ஒக்காந்து இதுல பேசி வைப்பாங்க. ‘ஒங்க வாப்பா ஒரேயடியா ஊருக்கு வரட்டும், நிம்மதியா ஒக்காந்து கேக்கட்டும்’னு சொல்லுவாங்க. நாலு வருஷமா வாப்பா."

பர்வேஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். "என்ன பேசுனா?" என்று கேட்டான்.

"சும்மாதான். இன்னைக்கிச் சூடை மீன் நெறய வந்துச்சு, முருங்கை மரம் காத்துல விழுந்துருச்சு, மர்வாவுக்குக் காய்ச்சல், அப்படித்தான். ஒங்களைத் திட்டுறதும் இருக்கும். சிரிச்சுக்கிட்டே திட்டுவாங்க. ஃபோல்டருக்கு என்ன பேரு போடன்னு நாந்தான் கேட்டேன். ‘என்னான்னு போட? சும்மா பேசுறேன், சும்மான்னு போடு’ன்னாங்க."

"நீ ஏன் தாயி எங்கிட்டச் சொல்லலை?"

"சொல்ல வந்தேனே வாப்பா. நீங்க எங்க விட்டீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. "உம்மா போனதுக்கப்புறம் நானும் ஒண்ணுகூடப் போட்டுக் கேக்கலை. தனியாக் கேட்டாத் தாங்க மாட்டேன்னு, நீங்களும் நானுமா ஒரு வெள்ளிக்கிழமை ஒக்காந்து கேக்கலாம்னு வச்சிருந்தேன்."

அவள் எழுந்து போன பிறகு அவன் ‘முக்கியம்’ ஃபோல்டரைத் திறந்தான். அவனுடைய பாஸ்போர்ட் நகல். அவனுடைய விசா. அவனுடைய லைசென்ஸ், அவனுடைய கத்தார் ஐடி, அவன் பேரில் வாங்கிய மனையின் பத்திரம். "முக்கியமான பேப்பரு, பத்திரமா வையி" என்று அவன் சொல்லிச் சொல்லி அனுப்பியதையெல்லாம் ஒன்று விடாமல் வைத்திருந்தாள். அதில் அவளுடையது ஒரே ஒரு காகிதம்கூட இல்லை.

நேரம் கெட்ட நேரத்தில் அவள் கூப்பிடுவது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. லாரியை ஓரங்கட்டிவிட்டு எடுப்பான். "என்ன ஜுமானா? என்ன விஷயம்?" என்பான். "சும்மாதான் மச்சான்" என்பாள். "சும்மாவா? வேலையா இருக்கேன், வையி" என்பான். வைத்துவிடுவாள். எத்தனை தடவை! இத்தனை வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியும் அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமலிருந்த மடையனை என்னவென்று சொல்ல? அவனே தலையில் அடித்துக்கொண்டு அதைத்தான் சொல்லி அழுதான்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்க் காளிதாஸ் கடை வாசலில் நின்றான். காளிதாஸ் விஷயத்தைக் கேட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ‘முக்கியம்’ முழுசும் வந்த கையோடு டிஸ்க் நின்றுவிட்டதாம். பழைய டிஸ்க்கை அவன் தூக்கிப் போடவில்லை, அந்தமட்டில் புண்ணியம். சென்னையில் இதற்கென்றே இருக்கும் ஒரு லேபுக்கு அனுப்பிவைத்தான். பர்வேஸ் ஐந்து வேளையும் பள்ளிவாசலில் போய் அழுது துஆ கேட்டான். மூன்றாவது வாரம் டிஸ்க் திரும்பி வந்தது.

"உள்ள தகடெல்லாம் கீறிப்போச்சாம் பாய். ஒண்ணும் எடுக்க முடியாதாம். அன்னைக்கி ஆயிரத்துச் சொச்சம் ஆடியோ இருந்துச்சு பாய். எல்லாத்துக்கும் வெறும் தேதிதான் பேரு. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்று சொல்லிக் காளிதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மர்வா அந்த லேப்டாப்பைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள். கடைசியில் புதுசுதான் வாங்கிக் கொடுத்தான். அதை முதலிலேயே செய்திருந்தால் பழசு அலமாரியில் சும்மா கிடந்திருக்கும், ஜுமானாவும் அதற்குள் பேசிக்கொண்டே இருந்திருப்பாள். இதை அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நாள் அசர் தொழுதுவிட்டு வந்து, ஜுமானா வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். டிஸ்க்கைக் காதில் வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தான். உள்ளே என்னவோ சின்னதாக உருண்டது, அவ்வளவுதான். அதை அவளுடைய தொழுகைப் பாய்க்குள் சுருட்டி வைத்துவிட்டு மர்வாவுக்குப் போன் போட்டான்.

"சொல்லுங்க வாப்பா."

"சாப்டியாம்மா?"

"சாப்டேன். என்ன விஷயம் வாப்பா?"

"ஒண்ணுமில்ல தாயி. சும்மாதான் கூப்டேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அதுவே போதும் என்று அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"ரெக்கார்டு நோட்டு எழுதணும் வாப்பா" என்றாள் மர்வா. "வேலை இருக்கு. வைக்கிறேன்."

வைத்துவிட்டாள்.