குள்ளனுக்கு இரண்டு கேபிள்

அந்தக் காருக்குக் குள்ளன் என்று பெயர் வைத்தவர், லேத் பட்டறை வைத்திருக்கும் கடைசல்காரரின் மைத்துனர். பக்கத்தில் போய் நின்றால் கூரை இடுப்புக்கு மேலே கொஞ்சம்தான் வரும். ஏற வேண்டுமென்றால் முதலில் உட்கார்ந்துவிட்டு, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இரண்டே இருக்கைகள். இன்ஜின் முன்னால் இல்லை, முதுகுக்குப் பின்னால். பார்க்க வருகிறவர்கள், "அப்போ முன்னாடி என்னதான் இருக்கு?" என்று கேட்பார்கள். "ஒரு ஸ்டெப்னியும் எங்க வீட்டுக்காரரோட பொறுமையும்" என்பாள் கடைசல்காரரின் மனைவி.

கல்யாணமான மூன்றாம் வருஷம் யாரோ ஒருவருடைய கொட்டகையில் அதைப் பார்த்தார்கள். உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இழுத்து வந்து, நாலு வருஷம் பாடுபட்டு எழுப்பி நிறுத்தினார்கள். இல்லாத பாகங்களையெல்லாம் அவர் தன் லேத்தில் கடைந்து போட்டார். ஓட்டியது அவள். கடைசல்காரருக்கு ஸ்கூட்டர் போதும். கார் ஓட்டும் ஆசை அவருக்கு வந்ததே இல்லை. அவருடைய ஆசையெல்லாம் இடது பக்க இருக்கைதான்.

வருஷத்துக்கு ஒருமுறை மலைப்பாதையை ஒரு காலைப் பொழுதுக்கு மூடிவிட்டு, கார்களை ஒவ்வொன்றாக மேலே விட்டு நேரம் பார்ப்பார்கள். அதில் அவள் இரண்டு தடவை இரண்டாவதாகவும் ஒரு தடவை முதலாவதாகவும் வந்தாள். போட்டியன்று அவள் தனி. ஆனால் அதற்கு முந்தைய வாரங்களில் பழகிப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் கூடவே போவார். வளைவுக்கு முன்னால் மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்குவாளே, அந்த ஒரு கணம்! இடது கை தட்டி இழுத்துவிட்டுத் திரும்ப ஸ்டியரிங்குக்குப் போய்விடும். முகத்தில் ஒரு அசைவும் இருக்காது. அவர் இருக்கை ஓரத்தை இறுகப் பிடித்துக்கொள்வார். ஆனால் கண்ணை மூட மனசு வராது.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மதியம், திரைச்சீலை மாட்ட ஸ்டூலில் ஏறியவள் கீழே விழுந்தாள். இருநூறு வளைவுகளில் விழாதவள், சொந்த வீட்டுக் கூடத்தில் விழுந்தாள். இடது தோள் நொறுங்கிப்போயிற்று. தகடு வைத்து, திருகாணி போட்டுச் சேர்த்தார்கள். தலைவார முடிந்தது, துணி பிழிய முடிந்தது. ஆனால் கையை எட்ட நீட்டிப் பின்னுக்கு இழுக்க வேண்டுமென்றால் உயிர் போய்விடும். இரண்டாம் கியர் அப்படித்தான் விழ வேண்டும். "நாலு கிலோவுக்கு மேல இழுக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டார் பிசியோதெரபி செய்த அம்மா.

அவள் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, லைசென்ஸ் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்குச் சாலைக் குறியீடுகள் சொல்லிக்கொடுத்தாள். தெருவில் எல்லோருக்கும் வாத்தியாரம்மா ஆனாள். ஞாயிறுதோறும் குள்ளனைத் துடைப்பாள். மாதம் ஒருமுறை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துவாள். அதோடு சரி.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், பட்டறை ஜன்னல் வழியாகக் கடைசல்காரர் தற்செயலாகப் பார்த்தார். துடைக்கிற துணியை மடியில் போட்டுக்கொண்டு அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் ஓடவில்லை. கண் மூடியிருந்தது. இடது கை கியர் குமிழின் மேல் சும்மா கிடந்தது. கால்கள் மட்டும் கிளட்ச்சையும் ஆக்ஸிலரேட்டரையும் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தன. அவள் மலை ஏறிக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. ஓசைப்படாமல் லேத்துக்குத் திரும்பினார். அன்று கடைந்த மூன்று புஷ் வளையங்களும் அளவு தவறிப் போயின.

மறுநாள் அவள் வகுப்புக்குப் போனதும் ஸ்பிரிங் தராசை எடுத்துக்கொண்டு காருக்குள் புகுந்தார். கொக்கியைக் கியர் குமிழில் மாட்டி இரண்டாம் கியருக்கு இழுத்தார். முள் ஒன்பது கிலோவைத் தாண்டி நின்றது.

காரணம் தெரிந்ததுதான். கியர் குமிழ் முன்னால், கியர்பெட்டி இன்ஜினுக்கும் பின்னால். நடுவே ஒரு நீளக் கம்பி, இன்ஜினைச் சுற்றி வளைந்து, ஆறு இடத்தில் முழங்கை மாதிரி மடங்கிப் போய்ச் சேருகிறது. ஒவ்வொரு முழங்கையும் தன் பங்குக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

மைத்துனர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவரிடம் சொன்னதும் சிரித்தார். "மாமா, எங்க பஸ்ஸுல இன்ஜின் பத்து மீட்டர் பின்னாடி கெடக்கு. டிரைவர் ரெண்டு வெரலால கியர் போடுறாரு. எல்லாம் கேபிள். இழுத்தா இழுக்கும், தள்ளினா தள்ளும். ஒண்ணு முன்னுக்கும் பின்னுக்கும், இன்னொண்ணு இடத்துக்கும் வலத்துக்கும். ரெண்டே ரெண்டு. அளவு சொல்லுங்க, பண்ணித் தரச் சொல்றேன்."

"உங்க அக்கா கிட்ட மூச்சு விடக் கூடாது."

"நான் எதுக்கு விடுறேன்? எனக்கும் உயிர் மேல ஆசை இருக்குல்ல."

இரண்டு வாரம் திருட்டு வேலையாக நடந்தது. புதிய கியர் குமிழுக்கு அடித்தட்டும் பந்துமூட்டும் கடைந்தார். கியர்பெட்டிப் பக்கத்து நெம்புகோலை இரண்டு விரல்கடை நீளமாக்கினார். நீளம் கூடினால் பளு குறையும். பழைய கம்பியைக் கழற்றிச் சாக்கில் சுற்றி மூலையில் வைத்தார். கேபிள்கள் வந்த அன்று மத்தியானம் காருக்கடியில் படுத்து அவற்றைக் கோத்துக்கொண்டிருந்தபோது, தரையில் இரண்டு செருப்புகள் வந்து நின்றன. ஸ்கூலில் கரண்ட் இல்லையென்று வகுப்பை விட்டுவிட்டார்கள்.

"கம்பி எங்க?"

"எந்தக் கம்பி?"

"நடிக்காதீங்க."

வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். தராசு, கிலோ, பஸ், கேபிள் என்று படபடவென்று சொல்லி முடித்தார். அவள் முழுக்கக் கேட்டாள்.

"என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவ."

"தெரிஞ்சேதான் செஞ்சிருக்கீங்க." அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "அந்தக் கம்பி வழியா பெட்டி எங்கிட்ட பேசும். பல்லு சேருதா, உராயுதா, எண்ணெய் சூடாயிடுச்சா, எல்லாம் உள்ளங்கைக்கு வரும். அதை வச்சுத்தான் நான் ஓட்டினேன். தோள் போச்சு, சரி. நான் ஓட்டின வண்டி அங்க அப்படியே நிக்குதுங்கற நெனப்பாவது மிச்சம் இருந்துச்சு. அதையும் கழட்டி மூலையில வச்சுட்டீங்க."

அவள் சாக்கைப் பிரித்து, கம்பியை எடுத்து, புடவையில் எண்ணெய் படுவதைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குள் கொண்டுபோனாள்.

நாலு நாள் வீட்டில் பேச்சு சுவரோடுதான். "சாப்பாடு மேஜையில இருக்கு" என்று சுவரிடம் சொல்வாள். "பசிக்கல" என்று அவரும் சுவரிடம் சொல்வார். ஐந்தாம் நாள், பழையபடியே மாட்டிவிடுவது என்று முடிவு செய்து, கேபிளைக் கழற்றக் காருக்கடியில் போனார். மறுபடியும் அந்தச் செருப்புகள். ஒரு டீ டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, அவள் குனிந்து எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் போகவில்லை.

"இது என்ன, தோட்டத்து ஹோஸ் மாதிரி மடக்கி வச்சிருக்கீங்க?"

"இடம் இல்லையே."

"இப்படி முறுக்கினா உள்ள கம்பி உறையைக் கடிச்சுக்காதா? ஒன்பது கிலோ பதினொண்ணு ஆகும். அதுவும் சைலன்சர் பக்கத்துல. சூட்டுல உறை உருகி ஊத்தும்."

"கழட்டத்தான் போறேன்."

"கழட்டத்தான் வேணும். கழட்டி, அந்தப் பக்கமா பெரிய வட்டமா எடுத்துட்டுப் போங்க." டீ டம்ளரை அவர் பக்கமாக நகர்த்தினாள். "செய்யறதுன்னு ஆயிடுச்சு, ஒழுங்காத்தான் செய்யுங்களேன்" என்றாள், எரிச்சலோடு. அந்த எரிச்சல் அவருக்கு ஐந்து நாள் கழித்துக் கிடைத்த சாப்பாடு மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் இருவருமாகச் செய்தார்கள். அவள் இருக்கையில், அவர் அடியில்.

"இப்போ ரெண்டு போட்டேன். விழுந்துச்சா?"

"நாலுக்குப் போகுது!"

"இடவலக் கேபிள் நீளம். நட்டை ரெண்டு சுத்து உள்ள விடுங்க."

"இப்போ?" என்று அவள் மறுபடி போட்டாள்.

"இப்போ ரிவர்ஸ் வருது. நல்லா இருக்கு, மலையைப் பின்னாடியே ஏறலாம்."

அவள் சிரித்துவிட்டாள். கார்த் தரையின் தகடு வழியாக அந்தச் சிரிப்பு அவர் நெற்றிக்கு நேர் மேலே கேட்டது. கையில் ஸ்பேனரோடு அவர் அசையாமல் கிடந்தார்.

பத்தாம் நாள் தராசு மாட்டினார்கள். முள் மூன்றரையில் நின்றது. மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். "ம்" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவளே அவருக்கு இரண்டாம் முறை பரிமாறினாள்.

ஞாயிறு காலை. கடைசல்காரர் முகம் வழித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, குள்ளனின் இடது கதவருகே வந்து நின்றார். அவள் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவர் கதவில் கை வைத்தார்.

"ஏங்க." அவள் அவரைப் பார்க்காமல் முன்னால் பார்த்தபடியே சொன்னாள். "தப்பா நெனைக்காதீங்க. முதல் தடவை நான் தனியாப் போயிட்டு வந்துடறேனே."

"அட, அதுக்கென்ன. போயிட்டு வா. எனக்கும் வேலை கெடக்கு." வேலை எதுவும் கிடக்கவில்லை.

தெருமுனை வரை போனாள். முதல் கியர், இரண்டு. உறுத்தல் இல்லாமல் விழுந்தது. மூன்று. பிறகு சத்தம் தேய்ந்து, தெருவில் ஒரு காக்காயும் அவரும்தான் மிச்சம். ஆறு வருஷம் அவர் எதற்காக ஏங்கினார் என்று அப்போதுதான் அவருக்கே தெளிவானது. அவள் ஓட்ட வேண்டும் என்று மட்டும் ஏங்கவில்லை. அவள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஏங்கியிருக்கிறார். முதல் பாதி இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அதைத் தன் கையாலேயே செய்து கொடுத்திருக்கிறார். சந்தோஷப்படத்தான் வேண்டும், பட்டார். இருந்தாலும் நெஞ்சில் ஏதோ முள் மாதிரி நின்றது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. வாசலுக்கும் பட்டறைக்கும் நடந்தே இஸ்திரிச் சட்டை கசங்கிவிட்டது. மைத்துனர் போன் செய்து, "என்ன மாமா, எப்படி இருக்கு வண்டி?" என்றார்.

"தெரியல. நான் போகல."

"போகலையா?" என்ற மைத்துனர் அவசரமாகப் பேச்சை முடித்தார். "சரி மாமா, அப்புறம் கூப்பிடறேன்."

அதை வைத்த உடனே இன்னொரு அழைப்பு. அவள்.

"பெட்ரோல் தீந்துபோச்சு. அஞ்சாவது வளைவுல நிக்கறேன்."

"மலைக்கா போன?"

"பின்ன காய்கறிக் கடைக்கா போவாங்க? சீக்கிரம் வாங்க."

ஒரு கேனில் பெட்ரோல் வாங்கி, ஸ்கூட்டரில் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு புறப்பட்டார். ஸ்கூட்டர் மலையில் மூச்சுவாங்கியது. ஐந்தாம் வளைவில், குள்ளனை ஓரமாக விட்டுவிட்டு, அவள் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். தலை கலைந்து, கன்னமெல்லாம் வெயில். அவர் கல்யாணம் செய்துகொண்ட பெண் அப்படியே உட்கார்ந்திருப்பது போல அவருக்குத் தோன்றியது.

"தோள்?"

"இருக்கு."

"வண்டி?"

அவள் இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "லேசா இருக்கு. கியரெல்லாம் நெனச்ச எடத்துல விழுது. ஆனா பெட்டி பேச மாட்டேங்குது. வளைவுல ரெண்டு போட்டுட்டு, ஏதாவது சொல்லும்னு காத்துக்கிட்டே இருந்தேன்." விரல்களை மடக்கிக்கொண்டாள். "பரவாயில்ல. காதால கேட்டுக்கறேன். பழகிக்கணும்."

அவர் பெட்ரோலை ஊற்றினார். காலிக் கேனை மூடினார். அவள் காரில் ஏறி, சாவியைத் திருப்பி, இன்ஜின் பிடித்ததும் ஜன்னல் வழியாக, "ஸ்கூட்டரை இங்கயே ஓரமாப் போட்டுட்டு வாங்களேன். தம்பியை விட்டு எடுத்துக்கலாம்" என்றாள்.

அதைத்தானே காலையிலிருந்து எதிர்பார்த்திருந்தார். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவளுடைய கண் ஏற்கெனவே சாலைக்குப் போய்விட்டதைக் கவனித்தார். கை குமிழைத் தேடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டு அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று பட்டது.

"வேணாம். நீ போ. நான் பின்னாலயே வந்துடறேன்."

"நெஜமாவா?" மறைக்க நேரமில்லாமல் முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. அதை அவர் பார்த்தார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

குள்ளன் இறங்கியது. அவர் சுவரோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். மூன்றாம் கியர். வளைவு. இரண்டு. மறுபடி மூன்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவருடைய இடது கை தானாக ஒருமுறை அசைந்தது. சத்தம் அடிவாரத்தில் கரைந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

வீடு சேர்ந்தபோது அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்கடியில் படுத்திருந்தாள். "இடவலக் கேபிள் அரைச் சுத்து லூசு. பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடுங்க."

எடுத்துக் கொடுத்தார். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். அடியிலிருந்து நட்டு திரும்பும் சத்தம் வந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை உச்சி வரைக்கும் போகணும்" என்றாள்.

போகணும் என்றாள், யார் என்று சொல்லவில்லை. அவர் அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேட்டுவிடலாமா என்று நினைத்தார். அவள் அடியிலிருந்து கையை நீட்டி, துணி வேண்டுமென்று விரலை ஆட்டினாள். அவர் துணியைக் கொடுத்தார். விரல்கள் ஒரு நொடி அவர் கையைப் பிடித்துவிட்டு, துணியோடு உள்ளே போயின.

"டேங்கை நெறச்சு வைக்கிறேன்" என்றார்.