சோப்புப் பெட்டித் துப்பாக்கி

எங்கள் கடைக்கு வரும் ஆண்களில் பாதிப் பேர் துப்பாக்கி வாங்க வருவதில்லை, வாயடிக்க வருகிறார்கள். 'காபி இலவசம்' என்று என் புருஷன் ஒரு பலகை எழுதி மாட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பலகையும் இருக்கிறது, வாண்டா என்கிற நானும் இருக்கிறேன். காலை எட்டு மணிக்கே கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்கள்: மலிவுத் துப்பாக்கியை நம்பி ஒரு குடும்பம் தூங்கலாமா, கூடாதா? முப்பது வருஷமாக இதே வழக்கு. தீர்ப்பு வந்த பாடில்லை.

ஹாய்ட் என்று ஒரு கிழம். முன்பு முடி வெட்டிக்கொண்டிருந்தவர், இப்போது என் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளே நுழைகிற திருடன் விலைச்சீட்டையா புரட்டிப் பார்க்கப் போகிறான் என்பது அவர் கட்சி. மற்றவர்கள் விடுவார்களா? அவசரத்தில் 'டொக்' என்று மட்டும் சத்தம் போடுகிற துப்பாக்கியை அவன் மண்டையில் எறியத்தான் முடியும் என்பார்கள். என்னைக் கேட்டால், மலிவு ஒரு குற்றமில்லை. சோதித்துப் பார்க்காமல் தலையணைக்குப் பக்கத்தில் வைப்பதுதான் குற்றம். அதனால்தான் கடைக்குப் பின்னால், மலைச்சரிவை வெட்டி நாங்கள் போட்டிருக்கும் சுடும் திடலில் ஒரு சட்டம் உண்டு. புதுத் துப்பாக்கி என்றால் ஒரே மூச்சில் இருநூறு தோட்டா. நடுவில் ஒரு தடவை மக்கர் பண்ணினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் மக்கர் பண்ணினாலும் அப்படித்தான். அழுதாலும் விடமாட்டேன்.

லைல் புரூயிட் கையில் காசு வைத்துக்கொண்டே கஞ்சனாக இருக்கத் தெரிந்தவன். லாரி ஓட்டுகிறான். இங்கே மிசௌரியில் சரக்கு ஏற்றினால் டென்வரில் போய் இறக்குவான். வாரத்தில் நாலு ராத்திரி வீட்டில் இருக்கமாட்டான். அவன் பெண்டாட்டி நேடீன், மலைமேல் அவன் தன் கையால் கட்டிய வீட்டில் தனியாக இருப்பாள். பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் வண்டி எடுக்க வேண்டும்.

ஜூலை மாதம் பட்டப்பகலில் ஒருவன் அந்த வீட்டுக்கு வந்தான். கொட்டகையிலிருந்து மரம் அறுக்கும் மெஷினைத் தூக்கினான். தூக்கினவன் போகவேண்டியதுதானே? போகவில்லை. சமையலறை ஜன்னலுக்கு வந்து, கண்ணாடியில் கையைக் குவித்து வைத்து உள்ளே பார்த்தான். உள்ளே நேடீன் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவன் நடந்து போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

வீட்டை விற்றுவிட்டு ஊருக்குள் வந்துவிடலாம் என்றாள். லைலுக்கு உயிரே போனமாதிரி ஆகிவிட்டது. அப்பா விட்டுப் போன நாற்பது ஏக்கர், ஒவ்வொரு ஆணியும் அவன் அடித்தது. மறுநாளே என் கடைக்கு ஓடிவந்தான். இருப்பதிலேயே மலிவானதை எடுத்தான்.

அதை எங்கள் கடையில் சோப்புப் பெட்டி என்போம். பிடி முழுக்க பிளாஸ்டிக், எடையே கிடையாது. குளியலறையில் வைத்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். தம்பி, இன்னும் கொஞ்சம் போட்டால் நல்லதாகவே வருமே என்று நான் சொன்னேன். ஹாய்ட் கிழம் குறுக்கே விழுந்து விலைச்சீட்டு வசனத்தை எடுத்துவிட்டது. லைல் அதைத்தான் கேட்டான். ஓசியில் காபி குடிக்கிறவன் பேச்சுக்கு இருக்கிற மரியாதை கடைக்காரி பேச்சுக்கு என்றைக்கு இருந்திருக்கிறது!

நேடீன் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். துப்பாக்கி இருநூறு தோட்டா பரீட்சையில் தேறினால் அந்த வீட்டிலேயே இருப்பாள். செப்டம்பர் முடிவதற்குள் தேறாவிட்டால் 'விற்பனைக்கு' என்று பலகை நட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், போதகர் முன்னால் வைத்தே சொல்லிவிட்டாள். லைலும் தலையாட்டிவிட்டான்.

முதல் சனிக்கிழமை நாற்பத்தோராவது தோட்டாவில் சிக்கியது. தோட்டா சரியில்லை என்றான். அடுத்த வாரம் வேறு தோட்டா. நூற்றுப் பதின்மூன்றில் சிக்கியது. காற்றில் ஈரம் என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிறகு துப்பாக்கியைப் பிரித்துச் சமையல் மேஜையில் பரப்பினான். தோட்டா ஏறும் வழியைத் துணியால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி ஆக்கினான். தபாலில் ஸ்பிரிங் வரவழைத்தான். அது சரியில்லை என்று இன்னொரு ஸ்பிரிங். டென்வர் போகும் வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்துகிற இடத்தில்கூட அதைத்தான் பிரித்து வைத்திருந்தானாம். பக்கத்து மேஜைக்காரர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு இடம் மாறியிருக்கிறார்கள்.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை. தகரக் கூரைக்குக் கீழே பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பேர். ஹாய்ட் தலையணை கொண்டுவந்து உட்கார்ந்திருந்தார். நேடீன் மடக்கு நாற்காலியில், மடியில் ஒரு கிண்ணம் பீன்ஸ். காதுமூடியைப் போட்டுக்கொண்டு பீன்ஸை ஒடித்தபடி இருந்தாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை. எண்ணிக்கை என் பொறுப்பு. திடலில் பாதுகாப்புக்கும் நான்தான் பொறுப்பு. என் வார்த்தையை மீறி அங்கே ஈகூட இறங்கக்கூடாது.

லைல் சுட ஆரம்பித்தான். ஐம்பது. நூறு. நூற்றுப் பதின்மூன்றைத் தாண்டியபோது பெஞ்சில் யாரோ மூச்சு விட்டது கேட்டது. நூற்றைம்பதையும் தாண்டினான். சொன்னால் நம்பமாட்டீர்கள், நானே அவன் தேறவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கஞ்சப்பயல்தான், ஆனால் அந்த வீட்டு வாசலில் பலகை நட்டால் அவன் பிழைக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். நூற்றுத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது. இருநூறு!

பெஞ்சே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. ஹாய்ட் தானே சுட்டதுபோல எல்லோரிடமும் கைகுலுக்கினார். லைல் துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு, காதுவரை வாயை இளித்துக்கொண்டு திரும்பினான்.

நேடீன் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இப்ப நான் சுடறேன்."

"நீ எதுக்குக் கண்ணு? அதான் தேறிடுச்சே."

"நீ டென்வர்ல இருக்கும்போது வீட்ல இருக்கப்போறது யாரு? ஹாய்ட் தாத்தாவா?"

பெஞ்சு அப்படியே உட்கார்ந்துவிட்டது. எங்கள் ஊர் ஆண்கள் காலம்காலமாகச் செய்கிற தப்பு இது. பெண்டாட்டிக்கு என்று துப்பாக்கி வாங்குவார்கள். வாரம் வாரம் வந்து தங்கள் கையாலேயே சுட்டுப் பார்த்து, தங்களுக்குத் தாங்களே மார்க் போட்டுக்கொண்டு, அவள் அலமாரியில் கொண்டுபோய் வைப்பார்கள். மற்றவர்களைச் சொல்வானேன்? முப்பது வருஷமாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற நானும் அந்தப் பெண்களிடம், பிடி ரோஸ் நிறத்தில் வேண்டுமா என்றுதான் கேட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாகிவிட்டது.

நேடீன் போய் நின்றாள். நான் அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவது வெடிக்கவில்லை, முதல் தோட்டாவின் காலிக்கூடு வெளியே வந்து விழாமல் வாசலிலேயே செங்குத்தாக நின்றுவிட்டது. லைல் ஓடிவந்து எடுத்துவிட்டான். மறுபடி சுட்டாள். இரண்டு வெடித்தது, மூன்றாவதில் மறுபடி அதே கதை.

"மணிக்கட்டை இறுக்கிப் பிடி கண்ணு, விட்டுடாதே!" என்று கெஞ்சினான் லைல்.

அவன் சொன்னது சரிதான். எடையில்லாத பிளாஸ்டிக் துப்பாக்கிக்கு முட்டுக்கொடுக்க ஒரு கை வேண்டும். வெடித்ததும் மேல்பாகம் பின்னால் பாய்ந்து, பழைய கூட்டை வீசிவிட்டு, புதுத் தோட்டாவை ஏற்ற வேண்டும். கை உறுதியாக நின்றால்தான் அது நடக்கும். மணிக்கட்டு வளைந்து கொடுத்தால் பாய்ச்சல் பாதியிலேயே நின்றுவிடும். கனமான துப்பாக்கி இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும், சோப்புப் பெட்டி பொறுத்துக்கொள்ளாது.

மூன்றாம் முறை அவள் சுட்டபோது நான் துப்பாக்கியைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தேன். குறி பார்க்கும்போது மணிக்கட்டு இரும்பாக நின்றது. விசையை இழுக்கும் அந்த நொடியில் மட்டும் வாழைத்தண்டாய்த் தளர்ந்தது. வெடித்தது, சிக்கியது. அவள் துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். திடலில் என் கண்ணில் படுகிற தப்பை உரக்கச் சொல்லவேண்டியது என் வேலை. ஆனால் தோட்டா போன திசையில் யாருக்கும் ஆபத்தில்லை. 'துப்பாக்கியைத் தொடாதீர்கள்' என்று பெஞ்சைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

லைல் முகத்தில் ரத்தமே இல்லை. ஊர் முன்னால், போதகர் முன்னால் கொடுத்த வாக்கு. "அப்ப... வீட்டை வித்துடணுமா?" என்றான். அந்தக் குரலை நான் அவனிடம் கேட்டதேயில்லை.

"யாரு விக்கச் சொன்னா?" என்றாள் நேடீன். "துப்பாக்கி மேல ஒரு குத்தமும் இல்ல லைல். இருநூறு தடவை சுட்டுச்சு, எல்லாரும் பார்த்தாங்க. உன் கையில இருந்தா வேலை செய்யுது, என் கையில இருந்தா செய்யல. அப்ப நீ வீட்ல இருந்தாத்தானே அது துப்பாக்கி?"

ஊருக்குள் கல் குவாரியில் லாரி ஓட்ட ஆள் கேட்டு ஆறு வருஷமாகிறது. விடிகாலை போனால் சாயங்காலம் வீடு. சம்பளம் கொஞ்சம் குறைவு. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று இவன் தள்ளிக்கொண்டே வந்தான்.

"குவாரில அஞ்சு மணிக்கே வரச் சொல்வானே கண்ணு," என்று முனகினான்.

"போயேன். ராத்திரி வந்துடுவேல்ல." அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஆள் ஜன்னல்ல வந்து பார்த்தப்ப, ஐயோ, கையில துப்பாக்கி இல்லையேன்னு எனக்குத் தோணல லைல். நீ எந்த ஊர்ல இருக்கேன்னுகூட எனக்குத் தெரியலையேன்னுதான் தோணுச்சு."

ஹாய்ட் கிழம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தது. லைல் போனை எடுத்துக்கொண்டு வண்டிகள் நிற்கிற பக்கம் நடந்தான். குவாரிக்காரன் பெயரைச் சொல்லி அவன் பேசுவது காற்றில் கேட்டது.

நான் நேடீன் பக்கத்தில் போய், மணிக்கட்டு ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டேன். குசும்புக்குத்தான் கேட்டேன்.

"ஆறு வருஷம் நான் வாயால சொல்லிப் பார்த்தேன் வாண்டாம்மா," என்றாள் மெதுவாக. "அழுது பார்த்தேன். சாப்பிடாமக்கூட இருந்து பார்த்தேன். அந்த மனுஷனுக்குத் துப்பாக்கி சொன்னாத்தான் காதுல ஏறும்னா நான் என்ன பண்ணட்டும்?"

லைல் திரும்பி வந்தான். திங்கட்கிழமை ஐந்து மணிக்கு வரச் சொல்லிவிட்டார்களாம். அதைக் கேட்டதும் நேடீன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் அழுதாள். துளிக்கூட நடிப்பில்லாத அழுகை. லைல் பதறிப்போய் அவள் முன்னால் மண்டியிட்டான். துப்பாக்கி கைவிட்டுவிட்ட பயத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். இந்த ஆண்களை என்ன சொல்வது!

"அழாத கண்ணு. அந்தச் சோப்புப் பெட்டியைக் கிணத்துல போட்டுடலாம். வாண்டாம்மாகிட்ட இருக்கறதுலயே நல்லதா, கனமா ஒண்ணு இப்பவே வாங்கித் தரேன். உன் கையிலகூட மக்கர் பண்ணாது."

கஞ்சப்பயல் வாழ்க்கையில் முதல் தடவையாக விலை கேட்காமல் பேசினான். முப்பது வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு கிராக்கி எனக்கு வாய்த்ததில்லை. ஆனால் நேடீன் அவசர அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் லைல்," என்றாள். "இதுவே இருக்கட்டும். இதை நம்பலாம்."